பிடுங்கு வைத்தியமும் படித்தோர் பேதைமையும்

பல்லைக் காப்பது கொடுமை, பல்லைப் பிடுங்குவது வைத்தியம் என்னும் தலைகீழான கொள்கையொன்று யாழ்ப்பாணத்துப் படித்த மக்களிடையே நிலைபெற்றுவிட்டது. இதனைப் பாமரர் மீது சுமத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. கராம்பெண்ணெய் தோய்த்த பஞ்சைச் சூத்தைப் பல்லில் வைத்தபடி இரவைக் கழிக்கும் மூதாட்டிக்கு வேர்ச்சிகிச்சை என்றொன்று உண்டென்பதே பெரும்பாலும் தெரியாது. தெரியாத பொருளைப் பற்றி அவர் தப்பபிப்பிராயம் கொள்வதற்கும் இடமில்லை. ஆசிரியர், இலிகிதர், பொறியியலாளர், பட்டதாரி என நீளும் வரிசையினரே, விரிவுரையாளரும் இதற்கு விலக்கல்லர், தப்பபிப்பிராயங்களை ஆக்குவோரும் பரப்புவோருமாக உள்ளனர். நரம்பை எடுத்தால் மூளை பழுதாகும், செத்த பல்லை வாய்க்குள் வைத்திருந்தாற் புற்றுநோய் வரும், பணத்தையும் கொடுத்து வேதனையும் படுவதிலும் பிடுங்கி எறிவது மேல் என்ற உபதேசங்கள் இவர்கள் வாயிலிருந்தே, அதுவும் அறிவியலின் குரலில், வெளிப்படுகின்றன. இக்கட்டுரை அவர்களோடு வழக்காட எழுதப்படுவது.

இணுவிலை எடுத்துக்கொள்வோம். காங்கேசன்துறை வீதியில், யாழ் நகருக்கும் சுன்னாகத்துக்கும் இடைப்பட்ட செம்மண் ஊர் அது. புகையிலையும் வெங்காயமும் விளைந்த தோட்டங்களால் மட்டுமன்றித் தவிலாலும் நாதஸ்வரத்தாலும் பெயர்பெற்றது. தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) பிறந்த மண். அமெரிக்க மிசனார் 1898 ஆம் ஆண்டில் பெண்களுக்கென நிறுவிய மக்லியோட் மருத்துவமனையும் இவ்வூரிலேயே அமைந்தது. குடாநாட்டின் பல பாகங்களிலுமிருந்து தாய்மார் பிள்ளைப்பேற்றுக்காக வண்டிகட்டிச் சென்ற இடம் அது. சைக்கிளிற் சென்றாற் கால்மணி நேரத்தில் எட்டக்கூடிய மானிப்பாயிலேதான் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர் 1867 இல் ‘இரணவைத்தியம்’, 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875 இல் ‘கெமிஸ்தம்’ எனப் பாரிய நூல்களைத் தமிழில் வெளிவரச் செய்தார். அதற்கும் நெடுங்காலம் முன்னரே, யாழ்ப்பாண மன்னர் பெயரால் வழங்கும் செகராசசேகரமும் பரராசசேகரமும் மருத்துவத்தைத் தமிழ்ச் செய்யுளிற் பொதிந்து வைத்திருந்தன. இவ்வளவும் சூழ்ந்த ஓர் ஊரிலே, கொடுப்புப் பல்லொன்று கொதித்தால் “பிடுங்கிவிடு” என்பதே இன்றும் முதலாவதும் முடிவானதுமான அறிவுரையாக இருப்பது எங்ஙனம்? பிள்ளைப்பேற்றை ஆஸ்பத்திரியிடம் ஒப்படைக்கப் பல தலைமுறைக்கு முன்னரே துணிந்த மக்கள் ஒரு பல்லை ஒப்படைக்க அஞ்சுவதேன்?

அச்சத்தின் பாதி பெயரிலே தொடங்குகின்றது. வேர்க்கால்வாய்ச் சிகிச்சை என்னும் தொடரைக் கேட்பவன், பல்லின் வேரிலே வைத்தியர் புதிதாக ஒரு கால்வாய் வெட்டுகிறார் என்றே எண்ணுகிறான். கால்வாய் வெட்டுவது மண்வெட்டி கொண்டு செய்யும் காரியமன்றோ! உண்மையில் அவ்வழி பல் முளைத்த காலந்தொட்டு அங்கேயே உள்ளது. பல்லின் மேற்புறம் மிளிரி என்னும் மிகக் கடினமான படை, அதனுள்ளே தந்தினி, தந்தினியின் நடுவே ஓர் அறை, அவ்வறையிலிருந்து ஒவ்வொரு வேரினூடும் நுனிவரை இறங்கும் மயிரிழை போன்ற வழிகள். இவற்றை நிரப்பி நிற்பது பற்கூழ். குருதிக் கலன்களும் நரம்பு நார்களும் இழையங்களும் சேர்ந்த மென்பொருள் அது. சூத்தை தந்தினியைத் துளைத்து அறையை அடைந்ததும் பற்றீரியாக்கள் பற்கூழைப் பற்றுகின்றன. வேர்ச்சிகிச்சை என்பது கெட்டுப்போன பற்கூழை அகற்றி, அவ்வழிகளைச் சுத்தஞ்செய்து, மறுபடியும் கிருமி புகாதவாறு அடைத்துவிடும் செயலாகும். வேர் எங்கும் போவதில்லை. தாடையெலும்பில் இருந்தபடியே இருக்கும்.

பெயரின் மற்றப் பாதியை மக்கள் வழக்குக் கெடுத்தது. “நரம்பை எடுக்கிறது” என்கிறோம். தமிழில் நரம்பு என்னும் சொல் படும் பாடு இம்மன்றத்தாருக்குப் புதிதன்று. யாழின் தந்தியும் நரம்பு, புறங்கையிற் புடைக்கும் குருதிக் கலனும் நரம்பு, இலையில் ஓடும் கோடும் நரம்பு, மூளையிலிருந்து செல்லும் உணர்விழையும் நரம்பு. ஆகவே பல்லின் நரம்பை உருவினால் அதன் மறுமுனையிற் கண்ணோ மூளையோ சேர்ந்து அசையும் என்று கற்பனை செய்வது எளிதாகிவிட்டது. மேற்பல்லைத் தொட்டாற் கண் மங்கும் என்னும் பழைய அச்சமும் இதன் உடன்பிறப்பே. பார்வைக்குரியது இரண்டாவது மண்டை நரம்பு. பற்களுக்கு உணர்வளிப்பது ஐந்தாவது மண்டை நரம்பின் நுண்கிளைகள். இவை இரண்டும் வெவ்வேறு. பற்கூழினுள் அகற்றப்படுவது அந்நுண்கிளைகளின் கடைக்கோடித் துணுக்கு மாத்திரமே. மூளை அதைத் தவறவிடுவதில்லை. சுவைப்பொருளொன்று தெரியாமற் கேட்கிறேன்: கண் மங்கும் என்று மேற்பல்லுக்கு அஞ்சுவோர், கீழ்ப்பல்லை மாத்திரம் எத்துணிவிற் பிடுங்குவிக்கின்றனர்?

வேதனை பற்றிய பீதி இன்னும் வலிது. இங்கே காரணமும் காரியமும் இடம்மாறிவிட்டன. யாழ்ப்பாணத்தார் பல்வலியைப் “பல்லுக்கொதி” என்பர். மருத்துவ நூலார் இதனிலும் பொருத்தமான சொல்லைத் தந்துவிட முடியாது. உடலின் பெரும்பாலான உறுப்புகள் அழற்சியுற்றால் வீங்குவதற்கு அவற்றுக்கு இடமுண்டு. பற்கூழுக்கோ இடமில்லை. நாற்புறமும் கடினமான சுவர். கீழே ஊசிமுனையளவு வாயில். மூடியை இறுக்கிய பானை கொதிப்பதுபோல உள்ளமுக்கம் ஏறுகின்றது. படுத்ததும் தலைக்குச் செல்லும் குருதியமுக்கம் கூடுவதால் நோவு நள்ளிரவில் உச்சமடைகின்றது. இக்கொதியை நிறுத்துவதற்காகவே சிகிச்சை செய்யப்படுகிறது. பல் விறைத்த பின்னரே வைத்தியர் கருவியை எடுக்கிறார். 1905 இல் புரோக்கெயினும் 1943 இல் லிக்னோக்கெயினும் ஆக்கப்பட்ட பின்னர் பல் மருத்துவத்தின் முகமே மாறிவிட்டது. கடுமையான அழற்சியில் முதல் ஊசி போதாமற்போவதுண்டு. மேலும் மருந்து செலுத்த வேண்டிவரும். பின்னர் ஓரிரு நாள் கடிக்கும்போது நோவு இருக்கலாம். அதற்கு மேல் இதிற் சித்திரவதை எதுவுமில்லை. சித்திரவதை அதற்கு முந்திய இரவுகளிலேயே நடந்து முடிந்துவிடுகின்றது. பழி மாத்திரம் சிகிச்சையின் தலையில் விழுகின்றது.

நிற்க. வேதனையிலும் ஆபத்தானது வேதனை நின்றுபோதல். கொதித்த பல் ஒருநாள் தானாகவே அடங்கிவிடும். வீட்டார் மகிழ்வர், கராம்புக்கும் நேர்த்திக்கும் நன்றி கூறுவர். பற்கூழ் இறந்துவிட்டது, ஆதலால் நோவு சொல்ல அங்கே நரம்பில்லை என்பதே அந்த அமைதியின் பொருள். அமைதியான பல்லின் வேர்நுனியிற் கிருமிகள் தொழிலைத் தொடர்கின்றன. எலும்பு கரைகின்றது, சீழ் கட்டுகின்றது. மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் கழிந்து கன்னம் வீங்கும். கீழ்க் கொடுப்புப் பல்லிலிருந்து தாடையின் அடிப்புறத்துக்கும் கழுத்துக்கும் அச்சீழ் பரவி மூச்சை அடைக்கும் நிலையை 1836 ஆம் ஆண்டிலேயே ஜேர்மனிய வைத்தியர் லுட்விக் விவரித்தார். அது அருமையாக நிகழ்வதே. எனினும் நிகழ்ந்தால் உயிர்போகும்.

வீக்கம் கண்டவுடன் மருந்துக்கடையை நாடி நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகளை வாங்கி விழுங்கும் பழக்கம் கல்வியோடு கூடி வளர்ந்ததாகவே தோன்றுகின்றது. எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மாத்திரை குருதி வழியே செல்வது. இறந்த பற்கூழிற் குருதியோட்டமில்லை. ஆகவே மருந்து உடலெங்கும் உலாவும். நோயிருக்கும் அறையின் கதவை மாத்திரம் தட்டாது. வீக்கம் வற்றும், கிருமிக்கூடு இருந்தபடி இருக்கும், மீண்டும் வீங்கும். பரவிய தொற்றை அடக்க அம்மருந்து தேவைப்படும் வேளைகள் உண்டெனினும், அது பல்லுக்குச் சிகிச்சையாகாது. கராம்பைப் பழித்தற்கில்லை. அதிலுள்ள யூசினோல் உணர்வை மரக்கச்செய்யும் என்பது மெய். பல் வைத்தியர் நாகவொட்சைட்டோடு கலந்து பயன்படுத்துவதும் அதனையே. மூதாட்டி கையாளும் மருந்து வைத்தியரின் மேசையிலும் உள்ளது. மூதாட்டியின் பஞ்சு மேலே நின்றுவிடுகின்றது. வைத்தியர் வேர்நுனி வரை சென்று துப்புரவாக்குகிறார்.

இனிப் படித்தோரின் தலையாய ஆயுதத்துக்கு வருவோம். வேர்ச்சிகிச்சை பெற்ற பல் “பிணம்”. பிணத்தை வாயில் வைத்திருந்தால் அதன் நஞ்சு மூட்டுவாதமாகவும் இதயநோயாகவும் புற்றுநோயாகவும் வெளிப்படும் என்பது வாதம். கனடாவிலும் இலண்டனிலும் வாழும் உறவினர் கைத்தொலைபேசி வழி அனுப்பும் காணொளிகளால் இது இணுவில் வீட்டு முற்றம் வரை வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தமையால் இதனைப் புதிய கண்டுபிடிப்பென்று நம் பட்டதாரிகள் நம்புகின்றனர். நூறாண்டுக்கு முன் உலகத்தைச் சுற்றிவந்து, ஆராயப்பட்டு, கைவிடப்பட்ட சரக்கு இது.

1910 இல் ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹன்ரர் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையொன்றில், அழுகிய பற்களின் மேல் தங்க மூடிகளைப் பொருத்தும் அக்காலப் பல் வேலையைக் கடுமையாகத் தாக்கினார். அவர் சினம் நியாயமானது. கிருமியை உள்ளே விட்டு மேலே தங்கம் பூசுவதை எவர்தான் பொறுப்பர்? ஆனால் அவரைப் பின்பற்றியோர் அழுக்கு வேலையை விட்டுப் பல்லையே குற்றவாளியாக்கினர். சிக்காகோவின் பிராங் பில்லிங்ஸ் முதலானோர் உடலின் ஓரிடத்துத் தொற்றே பிற உறுப்புகளின் நோய்க்கு மூலம் என்னும் கோட்பாட்டை வளர்த்தனர். ஊடுகதிர்ப் படங்களில் வேர்நுனியிற் கருநிழல் தென்பட்ட பற்களெல்லாம் பிடுங்கப்பட்டன, நிழலில்லாதனவும் பிடுங்கப்பட்டன. நியூ ஜேர்சி மாநிலத்தின் ட்ரென்ரன் மனநோய் மருத்துவமனையில் ஹென்றி கொற்றன் என்பவர் சித்தசுவாதீனமற்றோரைக் குணப்படுத்துவதாக எண்ணி அவர்தம் பற்களைப் பிடுங்கியதும், அதனோடமையாது உள்ளுறுப்புகளையும் வெட்டியெறிந்ததும் மருத்துவ வரலாற்றின் இருண்ட பக்கம். வெஸ்ரன் பிரைஸ் என்னும் பல் வைத்தியர், நோயாளரிடமிருந்து பிடுங்கிய பற்களை முயல்களின் தோலடியிற் புதைத்து, முயல்களும் அதே நோய்களை அடைந்தன என 1923 இல் இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். இன்றைய காணொளிகள் யாவும் அவரிடமே சென்று முடிகின்றன.

அறிவியல் மாணவர் எவரும் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. முயலினுட் புகுத்தப்பட்ட கிருமிகளின் அளவு என்ன? ஒப்புநோக்குவதற்குரிய முயல்கள் உரிய முறையில் வைக்கப்பட்டனவா? பிரைசின் சோதனைகள் இவ்விரண்டிலும் தோற்றன. சிறிய விலங்கொன்றின் தோலடியில் ஏராளமான கிருமிகளைச் செலுத்தினால் அது நோயுறுவதற்குப் பல் வேண்டியதில்லை. பின்வந்தோர் கவனமாகச் செய்து பார்த்தபோது அவர் கூறிய பெறுபேறு கிட்டவில்லை. 1938 இல் செசிலும் அஞ்சவைனும் மூட்டுவாத நோயாளர் 200 பேரை ஆராய்ந்து, பல்லையும் தொண்டைச்சதையையும் அகற்றியதால் நோய் தணிந்ததற்குச் சான்றில்லை என்றனர். செசில் முன்பு இக்கோட்பாட்டின் ஆதரவாளராக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1965 இல் கக்கேகசியும் அவர்தம் கூட்டாளிகளும் எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டு நோக்கினர். சாதாரண எலிகளிற் பற்கூழ் அழுகிற்று; கிருமியே அற்ற சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளில் அது ஆறித் தந்தினி மூடிற்று. குற்றவாளி கிருமி, பல்லன்று என்பது இதைவிடத் தெளிவாக எவ்வாறு காட்டப்படும்? கிருமியை அகற்றும் சிகிச்சையைக் கிருமியின் பெயராற் பழிப்பது தீயணைப்போரைத் தீவைத்தோர் என்பதை ஒக்கும்.

வேர்ச்சிகிச்சையையும் மார்புப் புற்றுநோயையும் இணைத்து, அந்நோயுற்ற பெண்களில் 97 வீதத்தினருக்கு அதே பக்கத்தில் இத்தகைய பல் உள்ளதெனக் கூறிய திரைப்படமொன்று 2018 இல் வெளிவந்தது. மருத்துவ அமைப்புகளின் கண்டனத்தையடுத்து 2019 இல் நெட்பிளிக்ஸ் அதனை நீக்கிற்று. அந்த எண் மெய்யென்றே ஒரு கணம் வைத்துக்கொண்டாலும், நோயற்ற பெண்களில் எத்தனை வீதத்தினர் அச்சிகிச்சை பெற்றவர் என்று கூறாதவரை அது எதையும் நிறுவாது. நோயுற்றோர் யாவரும் சோறுண்டவர் என்றும் சொல்லலாம். புள்ளிவிவரவியலை முதலாம் வருடத்தில் ஒரு பாடமாகப் பயின்றவர்கூட இதை நம்புவதுதான் நெஞ்சை உறுத்துகிறது. இன்னொன்றும் கூறவேண்டும். குருதியிற் கிருமி கலக்கும் என்று அஞ்சுவோர் அறிக: பல்லைப் பிடுங்கும்போது குருதியிற் கலக்கும் கிருமிகள் வேர்ச்சிகிச்சையின்போது கலப்பனவற்றிலும் மிகப் பல.

உள்ளே அடைக்கும் பொருளும் ஏதோ மேனாட்டு நஞ்சென்று ஐயுறப்படுகின்றது. அது கற்றாபேர்ச்சா, மலாயாக் காடுகளில் வளரும் மரமொன்றின் பால். நம் பாட்டன்மார் இலிகிதராகவும் புகையிரத உத்தியோகத்தராகவும் சென்று ஓய்வூதியத்தோடு மீண்ட அதே மலாயா. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட்ட அப்பொருளை 1867 முதற் பல் வேரை அடைக்கவும் கையாண்டு வருகின்றனர். அம்மரம் நம் இலுப்பைக்கும் வன்னிப் பாலைக்கும் மகிழுக்கும் ஒரே குடும்பத்து உறவு. மகிழம்பட்டையாற் பல் துலக்கிய மரபினர் அதன் உறவுமரத்துப் பாலுக்கு அஞ்சுவது வேடிக்கை.

“ஒரு பல்தானே, போனாற் போகிறது” என்பார்க்கு: போவது ஒன்றோடு நிற்பதில்லை. பிடுங்கிய வெளியை நோக்கிப் பக்கத்துப் பல் சாயும். எதிர்த்தாடைப் பல் நீளும். தாடையெலும்பு அவ்விடத்திற் குறுகும். மெல்லும் தொழில் ஒரு பக்கத்துக்கு ஒதுங்கும். முன்பல்லாயின் பேச்சே மாறும். தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துப் பிறக்கும் எட்டு இடங்களுள் ஒன்றாகப் பல்லை வைத்தார். வகரத்துக்குப் பல்லும் இதழும் இயைய வேண்டும் என்றார். இணுவிலுக்கு இது இன்னும் நேரான செய்தி. சீவாளியைக் கவ்வும் இதழுக்குப் பின்னே தாங்கி நிற்பது முன்வரிசைப் பல். நாதஸ்வரக்காரர் ஒருவர் அதை இழப்பாராயின் வாய் பிடிக்கும் முறையே குலையும். கட்டுப்பல்லை வைத்துக்கொண்டு பழைய சுருதிச் சுத்தத்தை மீட்பது எளிதன்று. அவர் பல்லைப் “போனாற் போகட்டும்” என்று கூற நமக்கென்ன உரிமை?

எல்லாப் பல்லையும் காக்கலாம் என்று எவரும் வாதிடவில்லை. வேர் நெடுக்காகப் பிளந்த பல்லையும், தாங்கும் எலும்பை இழந்து ஆடும் பல்லையும் பிடுங்குவதே முறை. வேர்ச்சிகிச்சை தவறுவதும் உண்டு. மேற்கொடுப்பின் முதற் பல்லில் நான்காவது வழியொன்று பல வேளைகளில் ஒளிந்திருக்கும், அதைக் காணாது விட்டால் நோய் திரும்பும். எனினும் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், இச்சிகிச்சை பெற்ற பற்களில் 86 முதல் 93 வீதமானவை இரண்டு முதற் பத்து ஆண்டுகளின் பின்னரும் வாயில் நிலைத்திருக்கக் கண்டனர். செலவு பற்றிய முறைப்பாடு மாத்திரம் உண்மையானது. பிடுங்குதல் சில நிமிட வேலை. வேர்ச்சிகிச்சைக்குப் பல தவணையும் நுண்கருவியும் பொறுமையும் வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்வதற்குக் காத்திருக்க இயலாதவன் தனியார் நிலையத்துக்குப் பணம் தேடவேண்டும், அல்லது பல்லை இழக்க வேண்டும். கூலிவேலை செய்பவன் பிடுங்குவிப்பது பேதைமையன்று, கணக்கு. அக்கணக்கை மாற்றுமாறு சுகாதாரப் பகுதியினரிடம் கேட்க வேண்டிய படித்தோர், அதற்கு மாறாக, பிடுங்குவதே நல்லதென்று அவனுக்குத் தத்துவம் போதிக்கின்றனர். தங்கள் பல்லுக்கோ கொழும்புக்குப் பேருந்து ஏறுவர்.

பல் வைத்தியரையும் விட்டுவிட முடியாது. இந்நாட்டுப் பல் வைத்தியக் கல்வி 1943 இற் கொழும்பிலே தொடங்கிப் பின்னர் பேராதனைக்குச் சென்றது. தமிழ் மாணவர் பலர் அங்கே ஆங்கிலத்திற் பயின்று வைத்தியராகின்றனர். கிறீனுக்குத் தமிழ் பிறமொழி. அவர் எலும்புக்கும் தசைக்கும் சொல் தேடினார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர், நாற்காலியிற் கிடப்பவனிடம் நான்கு வாக்கியம் சொல்லத் தயங்குகின்றனர். விளைவு என்ன? முதல் தவணையிற் பற்கூழ் அகற்றப்பட்டதும் நோவு நிற்கின்றது. நோவு நின்றபின் எதற்கு மறுபடியும் செல்வதென்று அவன் தோட்டத்துக்குப் போய்விடுகிறான். தற்காலிகமாக வைத்த அடைப்புச் சில வாரங்களில் தேய்கின்றது. எச்சிலோடு கிருமி மீண்டும் இறங்குகின்றது. அல்லது எல்லாத் தவணையும் முடித்தும், உட்குடையப்பட்ட கொடுப்புப் பல்லுக்கு மேலே முடி பொருத்த வேண்டும் என்பதை எவரும் அழுத்திக் கூறாமையால், ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது அது இரண்டாகப் பிளக்கின்றது. அவன் ஊருக்குச் சொல்கிறான்: “வேருக்கு மருந்து போட்டும் பல்லுப் போச்சு.” அவன் சொல்வது பொய்யன்று, அயலவர் அதனை நம்புவதும் இயல்பு. இனி வரும் ஒவ்வொருவரிடமும் முதல் தவணை முடிவில் வைத்தியர் கூற வேண்டியது இவ்வளவே: “நோவு நின்றுவிட்டது, வேலை முடியவில்லை. மேலே இருப்பது தற்காலிக அடைப்பு. குறித்த நாளில் வாருங்கள்; முடிந்தபின் முடி போடவேண்டும்; அதுவரை இந்தப் பக்கத்தால் வலிய பண்டம் எதுவும் கடிக்க வேண்டாம்.”